சிங்கத்தின் கண்ணளவை

அளவை என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்வு உண்டு. சந்தையிலே அது படியும் தராசும். தருக்க நூலிலே அது காட்சி, கருதல், உரை. சந்தைக்காரன் அளப்பது நெல்லை. தருக்க நூலோன் அளப்பது உண்மையை. இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வகுப்பிலும் அப்படியே சொல்லி வந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் போதித்தவர், ஒரு காலத்தில் என்னிடம் நன்னூல் படித்த மாணாக்கர் ஒருவர். போதிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நாம் வழக்கமாகச் சொல்லும் கயிறும் பாம்பும் அன்று. மருந்தினால் மயங்கிக் கிடந்த ஒரு பெண்சிங்கம்.

அவர் இப்போது மிருக வைத்தியர். ஐரோப்பிய நாடொன்றில், மிருகக்காட்சிச்சாலை ஒன்றிலே பணி. கடந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் என்னைக் காண வீட்டுக்கு வந்தார். அவர் படலையைத் திறந்த வேளை, நான் திண்ணையில் அண்ணாந்திருந்து கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். மருந்துக் குப்பியை எடுத்துப் பெயரைப் படித்தார்.

“எவ்வளவு ஐயா?” என்றார்.

“எது எவ்வளவு, தம்பி?”

“கண்ணின் அழுத்தம்.”

“மருந்து தொடங்குமுன் 27. இப்போது 16 என்று சொல்லுகிறார்கள்.”

“வருமுன் நான் பார்த்த நோயாளிக்கு 24, ஐயா.”

“அவருக்கும் இந்த மருந்தைத்தான் கொடுத்தீரோ?”

“இல்லை ஐயா. 24 அவளுக்குச் சுகமான அளவு. அவள் ஒரு சிங்கம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை விளக்கேற்றும் வரை நாங்கள் பேசியது அந்தச் சிங்கத்தின் கண்ணைப் பற்றியே. அப்பேச்சில் நான் கற்றதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது ஆசிரியத் தொழிலில் உள்ளவனுக்குக் கடமை என்று கருதுகின்றேன்.

குளமும் துருசும்

இந்த எண்கள் எதனைக் குறிக்கின்றன என்பதை முதலிற் சொல்லிவிடுதல் முறை.

கண்ணின் முன்பகுதிக்குள்ளே தெளிந்த நீரொன்று ஓயாது ஊறி ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கண்ணீர் கண்ணின் புறத்தைக் கழுவுவது. இந்நீர் அகத்தே பிறந்து அகத்தே ஓடுவது. கதிராளி எனப்படும் நிறத்திரைக்குப் பின்னே, வில்லையைச் சூழ்ந்த பகுதியிலே இது சுரக்கின்றது. பாவையின் துவாரத்தால் முன்னறைக்கு வருகின்றது. கண்ணுக்கு முகப்புக் கண்ணாடி போல நிற்கும் விழிவெண்படலமும் கதிராளியும் கூடுகின்ற மூலையிலே நுண்ணிய வடிகால்கள் உண்டு. அவற்றின் வழியே வெளியேறுகின்றது.

குளக்கட்டில் நடந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. வாய்க்காலால் நீர் வருகிறது. துருசால் நீர் போகிறது. வரவும் செலவும் ஒத்திருப்பின் குளம் ஒரு மட்டத்திலே நிற்கும். துருசு அடைபட்டால் மட்டம் ஏறும். குளத்துக்காயின் மிகை நீர் பாய்ந்தோட வான் என்று ஒன்று உண்டு. கண்ணுக்கு அது கிடையாது. ஏறிய அழுத்தத்தைக் கண் முழுவதுமே தாங்கவேண்டியிருக்கிறது. அதனால் மெல்ல மெல்ல நலிவது, கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு. நரம்பு நலியும் இந்த நோயைக் குளுக்கோமா என்பர்.

அழுத்தத்தைப் பாதரசத்தின் உயரத்தால், மில்லிமீற்றர் கணக்கிலே சொல்லுவது வழக்கம். மனிதரிலே ஏறக்குறைய 10 முதல் 21 வரை இயல்பு என்று கொள்வர். 21-ஐக் கடந்தவர் எல்லாரும் நோயாளர் அல்லர். அதற்குக் கீழே நின்றவர் எல்லாரும் தப்பியவரும் அல்லர். எனினும் அழுத்தம் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்பது உறுதி.

இந்நோயின் கொடுமை அதன் மௌனம். பரவலாகக் காணப்படும் வகையிலே நோவு இல்லை, சிவப்பு இல்லை, எரிவு இல்லை. பார்வையின் நடு தெளிவாகவே இருக்கும். ஓரங்களே முதலிற் கரையும். கரைந்ததை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆதலின் இழந்தவன் தான் இழந்ததை அறியான். அறிந்த பின்னரோ, போன பார்வையை மீட்கும் மருந்து இல்லை. எஞ்சியதைக் காக்கும் மருந்து மாத்திரமே உண்டு.

முறையிடாத நோயாளி

“சிங்கத்துக்கும் இந்நோய் வருமோ?” என்று கேட்டேன்.

“கண் உள்ள பிராணிக்கு வரக்கூடியதே ஐயா. சண்டையிலே கண்ணில் அடிபடலாம். கண்ணின் உள்ளே அழற்சி உண்டாகலாம். வில்லை தன் இடத்தை விட்டு விலகி நீரின் வழியை அடைக்கலாம். கூட்டிலே வாழும் சிங்கம் காட்டுச் சிங்கத்திலும் நீண்ட காலம் வாழ்வதும் உண்டு. முதுமையின் நோய்கள் அதனையும் தேடி வரும்.”

வருவது பெரிதன்று, வந்ததை அறிவதே பெரிது. மனிதன் கண் வைத்தியரிடம் சென்று எழுத்துப் பலகையைப் படிக்கலாம். “இடப்பக்கம் மங்கலாயிருக்கிறது” என்று சொல்லலாம். சிங்கம் எதனைப் படிக்கும்? யாரிடம் சொல்லும்? சொல்லாமையே அதன் இயல்பு என்றார் மாணாக்கர். நலிவை வெளியே காட்டிய விலங்கைப் பகை நெருங்கும். ஆகவே மறைத்தல் அதன் உடம்பிலே ஊறிய பாடம். வேலிக்குள்ளே பிறந்து வளர்ந்த சிங்கமும் அப்பாடத்தை மறப்பதில்லை.

மேலும், பழகிய இடத்திலே நினைவே கண்ணாகிவிடுகிறது. எந்தப் பாறை எங்கே, நீர்த்தொட்டி எத்தனை அடி தூரம், இறைச்சி எந்தக் கதவால் வரும் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். பார்வை பாதி போன சிங்கமும் தன் முற்றத்திலே தடுமாறாமல் நடக்கும். பார்ப்பவர் அதனை நோயற்றதென்றே எண்ணுவர். கண் வீங்கியும் படலம் நீலம் பாரித்தும் வெளிப்படையாகக் குறி தோன்றும்போது காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

பழகிய இடத்திலே நினைவே கண்ணாகிவிடும் என்ற இந்த வாக்கியத்தை அவர் சொன்னபோது என் மனம் சற்றே துணுக்குற்றது. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவேன்.

கருவிகளின் கதை

விழித்திருக்கும் சிங்கத்தின் கண்ணைத் தொட எவராலும் இயலாது. ஆகவே அதனை மயக்கவேண்டும். மயக்கிய பின்னரும் எல்லாக் கருவிகளும் அதற்குப் பொருந்துவதில்லை.

பண்டைய வைத்தியர் மூடிய இமையின் மேலே விரல்களை வைத்துக் கண்ணின் இறுக்கத்தை உணர்ந்தனர். மாம்பழத்தின் பழுப்பைக் கைவிரலால் அறிவது போன்றது அது. 1905-ல் நோர்வே நாட்டுக் கண் வைத்தியர் யால்மர் ஷியோட்ஸ் ஒரு கருவியை அறிமுகஞ் செய்தார். சிறியதொரு தண்டு படலத்தின் மீது நின்று தன் பாரத்தாற் பதியும். மெலிந்த அழுத்தமுள்ள கண்ணிலே ஆழமாகவும், இறுகிய கண்ணிலே ஆழங்குறைந்தும் பதியும். பதிந்த அளவை ஒரு முள் காட்டும். ஆனால் நோயாளி மல்லாந்து கிடந்து மேலே பார்க்கவேண்டும். 1950களில் சுவிற்சலாந்தின் பேர்ண் நகரிலே ஹான்ஸ் கோல்ட்மான் வேறு வழி வகுத்தார். குழி செய்யாமல், படலத்திலே 3.06 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டத்தை மாத்திரம் தட்டையாக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது அவர் முறை. மனிதருக்கு இன்றும் உரைகல்லாக மதிக்கப்படுவது அதுவே. ஆயின் அதற்கு நோயாளி நிமிர்ந்திருந்து, நாடியைத் தாங்கியில் வைத்து, நேரே நோக்கவேண்டும். சிங்கத்தை அவ்வாறு இருத்துவது யார்?

சிங்கத்துக்கு உதவுவன கைக்கடக்கமான இரண்டு கருவிகள். ஒன்று ரொனோ-பென். பெயருக்கேற்பப் பேனையின் உருவம். நுனிக்கு மெல்லிய றப்பர் உறை போட்டு, கண்ணுக்கு மரப்பு மருந்து ஒரு துளி விட்டு, படலத்தை மெல்ல மெல்லத் தொட்டு எடுப்பார்கள். மற்றது பின்லாந்திலே பிறந்த வகை. மிருகங்களுக்கென அமைந்ததை ரொனோவெற் என்பர். அதன் முனையிலிருந்து நுண்ணியதொரு கோல் பாய்ந்து படலத்திற் பட்டு மீளும். இறுகிய பந்து விரைந்து மீள்வது போல, அழுத்தம் மிக்க கண்ணிலிருந்து கோல் விரைந்து மீளும். மீளும் வேகத்தைக் கொண்டு கருவி கணக்கிடும். ஆறு முறை தொட்டு ஒரு விடை தரும். தொடுகை அத்துணை இலேசாகையால் மரப்பு மருந்தும் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கருவி நாய், பூனை, குதிரை முதலியவற்றின் கண்ணுக்குத் திட்டஞ் செய்யப்பட்டது. சிங்கம் பூனைக் குலத்ததே. எனினும் பூனை அன்று. வீட்டுப் பூனையின் பாவை வெயிலிலே நெட்டைக் கோடாக ஒடுங்கும். சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றின் பாவை எவ்வளவு ஒடுங்கினும் வட்டமாகவே நிற்கும். கண்ணின் பருமனும் வேறு. ஆகவே ஒரே கண்ணில் இரு கருவிகளும் ஒரே எண்ணைச் சொல்லுமென்று எதிர்பார்த்தல் ஆகாது. எண்ணை எழுதுபவர் கருவியின் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும்.

கையின் பொய்

அந்தப் பெண்சிங்கத்தை அவர்கள் மயக்கியது கண்ணுக்காக அன்று, உடைந்த பல்லொன்றுக்காக. முதல் நாள் இரவு உணவு கொடுக்கவில்லை. மயக்கத்திலே வாந்தியெடுத்தால் மூச்சுக்கு ஆபத்து. காலையிலே ஊதுகுழலால் மருந்தூசி செலுத்தினார்கள். சிங்கம் நின்றது, தள்ளாடியது, இருந்தது, சாய்ந்தது. சாய்ந்தவுடனே எவரும் உள்ளே போகவில்லை. நீண்ட கோலொன்றாற் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். காது அசையவில்லை. பின்னரே கதவு திறக்கப்பட்டது. ஒளி படாமல் முகத்தைத் துணியால் மூடினார்கள். ஏறக்குறைய 130 கிலோ நிறையை ஆறுபேர் சேர்ந்து தூக்கினார்கள்.

“அப்போது என் முறை வந்தது, ஐயா. துணியை விலக்கினேன். கண் திறந்தபடியே இருந்தது. மயங்கிய மிருகம் என்று அறிவு சொல்லுகிறது. சிங்கம் என்னைப் பார்க்கிறது என்று கை சொல்லுகிறது. கை நடுங்கினால் இமையை இறுக்கிப் பிடிப்போம். இமையை இறுக்கினால் கண் அழுந்தும். கண் அழுந்தினால் எண் ஏறும். அப்போது நான் அளப்பது சிங்கத்தின் அழுத்தத்தை அன்று, என் பயத்தை.”

இதனைக் கேட்டபோது நான் அயர்ந்துபோனேன். அளக்கும் கையே அளவைக் கெடுக்கும் என்பதனை இதனிலும் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

இமையை விரிக்கும் விரல்கள் கண்ணுருண்டையைத் தொடலாகாது. குழியைச் சுற்றியுள்ள எலும்பின் விளிம்பிலே ஊன்றவேண்டும். கழுத்தை எவரும் அழுத்திப் பிடிக்கலாகாது. கழுத்து நாளங்கள் நெரிபட்டால், தலையிலிருந்து இரத்தம் இறங்கும் வழி தடைப்பட்டுக் கண்ணின் அழுத்தம் ஏறும். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை நாய்களிலே காட்டியது. கழுத்துப்பட்டி இழுபட்டபோது கண்ணழுத்தம் ஏறிற்று. மார்புக் கச்சை இழுபட்டபோது அவ்வாறு ஏறவில்லை. தலையும் நெஞ்சிலும் தாழ்ந்து தொங்கலாகாது. ஆகவே தலைக்கீழே மடித்த கம்பளி ஒன்றை வைத்து உயர்த்துவார்கள். அளந்து முடிந்ததும், இமையாத கண் உலர்ந்துவிடாதபடி பசை மருந்து இட்டு மீண்டும் துணியால் மூடிவிடுவார்கள்.

மருந்தின் பொய்

கையின் பொய்யைப் பயிற்சியால் நீக்கலாம். மற்றொரு பொய் உண்டு. அதனை நீக்க வழியில்லை, கணக்கில் எடுக்கத்தான் வழியுண்டு. அது மயக்கமருந்தின் பொய்.

மயக்கும் மருந்துகளுட் பல கண்ணழுத்தத்தைத் தாழ்த்துவன. கெற்றமீன் என்னும் மருந்தோ தசைகளைத் தளர்த்தாது இறுக்கமாகவே வைத்திருப்பது. அதனால் அழுத்தம் ஏறக்கூடும். சிங்கம் புலிகளை மயக்கக் கெற்றமீனையே தனியாக அன்றி வேறு மருந்துகளுடன் சேர்த்துப் பெரிதும் பயன்படுத்துவர். ரைலற்றமீன், சொலசிப்பாம் என்னும் இரண்டன் கலவையும் வழக்கில் உண்டு. புலிகளுக்கு அதனைக் கொடுப்பதைப் பல வைத்தியர் தவிர்ப்பர். எந்த மருந்து, எவ்வளவு, கொடுத்து எத்தனை நிமிடம் என்பவற்றுக்கேற்ப எண்ணும் மாறலாம்.

எருசலேம் ஹீப்ரூப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிருகக் கண் வைத்தியர் ரொன் ஓஃப்ரியும் அவருடன் உழைத்தவர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, இக்கேள்வியையே எடுத்துக்கொண்டது: சிங்கத்தின் கண்ணழுத்தத்தை மயக்கமருந்து எவ்வாறு பாதிக்கின்றது? ஆண், பெண் என்னும் வேறுபாடு பாதிக்கின்றதோ? 2008-ல் ஓஃப்ரி ஜேர்மன் வைத்தியர்களுடன் சேர்ந்து வெளியிட்ட மற்றோர் ஆய்வு, சிங்கத்தின் வயதையும் கணக்கில் எடுத்தது. குட்டியின் அழுத்தமும் வளர்ந்த சிங்கத்தின் அழுத்தமும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று. ஆகவே குட்டியின் எண்ணை வளர்ந்ததன் எண்ணோடு ஒப்பிட்டு மயங்குதல் தவறு. மனிதனின் எண்ணோடு ஒப்பிடுதல் அதனினும் தவறு. எனக்கு எச்சரிக்கையான எண், அந்தப் பெண்சிங்கத்துக்குச் சுகமான எண் ஆனது இவ்வாறுதான்.

இங்கேதான் தருக்க நூலும் சந்தைப் படியும் ஒன்றாகக் கண்டேன். காட்சி என்னும் அளவையிலே ஐயமும் உண்டு, திரிபும் உண்டு என்பர் நூலோர். தூரத்தே கிடப்பது கயிறோ பாம்போ என்று நிற்பது ஐயம். கயிற்றையே பாம்பென்று துணிந்துவிடுவது திரிபு. ஒருமுறை தொட்டு எடுத்த எண் ஐயத்துக்கு இடமானது. ஆகவே பலமுறை தொடுகிறார்கள். அழுத்திய கையும் ஏறிய மருந்தும் தந்த எண்ணை நோயென்று துணிவது திரிபு. ஆகவே கையைப் பழக்குகிறார்கள், மருந்தின் பெயரை எழுதுகிறார்கள்.

மாணாக்கர் தம் பதிவேட்டின் படமொன்றைக் காட்டினார். நடுவிலே சிறியதாக 24 என்ற எண். அதனைச் சுற்றி வயது, பால், நிறை, மருந்து, மருந்து கொடுத்த நேரம், அளந்த நேரம், கிடந்த நிலை, கருவி, அளந்தவர் பெயர். சூத்திரம் ஒரு வரி. உரை ஒரு பக்கம். உரையின்றிச் சூத்திரம் பொருள் தராது என்பதை நாங்கள் தமிழ்ப் படிப்பிலே அறிவோம். உரையின்றி எண்ணும் பொருள் தராது என்பதை அன்று அறிந்தேன்.

என் கதை

இனி, முன்னே சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும்.

என் அழுத்தத்தை முதன்முதல் அளந்தது சில வருடங்களுக்கு முன். மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்திலே, கண் வைத்தியர் மஞ்சள் நிறத் துளியொன்றை விட்டு, நாடியைத் தாங்கியில் வைக்கச் சொன்னார். நீல ஒளி கண்ணை நெருங்கி வந்தது. நான் பயந்தேன். இமையை இறுக்கினேன், மூச்சையும் அடக்கினேன். எண் 27.

வைத்தியர் சொன்ன வார்த்தைகள் இன்றும் எனக்கு நினைவில் உண்டு. “நீங்கள் இமையை இறுக்குகிறீர்கள், மூச்சையும் பிடிக்கிறீர்கள். இந்த எண்ணை அப்படியே நம்ப இயலாது. ஆனால் தள்ளிவிடவும் இயலாது. ஒரு மாதத்திலே திரும்ப வாருங்கள்.”

‘ஆனால்’ என்னுஞ் சொல்லுக்கு முன்னே நின்ற வாக்கியத்தை நான் எடுத்துக்கொண்டேன். பின்னே நின்ற வாக்கியத்தை விட்டுவிட்டேன். வாக்கியப் பொருள் கொள்ளுதலையே தொழிலாக உடையவன் செய்த வேலை இது! அந்த எண் பிழை என்று வைத்தியரே சொல்லிவிட்டார் என வீட்டிலே சொன்னேன். பரீட்சை வந்தது, விடைத்தாள் வந்தது, விழா வந்தது. ஒரு மாதம் மூன்று வருடமாயிற்று.

சென்ற வருடம் ஒருநாள், வகுப்பிலே புணர்ச்சி விதி நடந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்டேன். எவரும் கையுயர்த்தவில்லை என்று எண்ணி நானே விடையைச் சொல்லத் தொடங்கினேன். வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி மேசையருகே வந்து நின்றாள். முன்வரிசையின் இடக் கோடியில், யன்னலோரத்தில் இருப்பவள்.

“ஐயா, நான் ஏதேனும் பிழை செய்துவிட்டேனா?” என்றாள்.

“ஏன் பிள்ளை அப்படிக் கேட்கிறாய்?”

“இந்தத் தவணை முழுவதும் நான் கையுயர்த்தினேன், ஐயா. நீங்கள் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை.”

அன்று மாலை ஒரு கண்ணை மூடி மறு கண்ணாற் சுவரைப் பார்த்தேன். வலக்கண்ணை மூடியபோது, சுவரிலே தொங்கிய நாட்காட்டி இருந்த இடத்தில் இல்லை. வீட்டிலே நான் ஒருநாளும் இடறியதில்லை. பாடசாலைப் படியிலே தடுக்கியதில்லை. புத்தகத்தின் எழுத்து நடுவிலே தெளிவாகவே தெரிந்தது. பழகிய இடத்திலே நினைவே கண்ணாகிவிட்டது. ஓரத்திலே இருந்த குழந்தை மாத்திரம் எனக்கு இல்லாமற் போனாள்.

மறுநாளே வைத்தியரிடம் போனேன். அழுத்தம் மீண்டும் 27. இம்முறை இமையை இறுக்கவில்லை, மூச்சையும் அடக்கவில்லை. நரம்பு நலிந்திருந்தது. முதல் எண்ணும் பிழையன்று என்றே இப்போது தோன்றுகிறது, பிழையாயினும் ஆகட்டும். மறுமுறை அளந்திருந்தால் ஒரு மாதத்திலே ஐயம் தீர்ந்திருக்கும். மூன்று வருடத்துப் பார்வை என்னிடம் எஞ்சியிருக்கும்.

மாணாக்கரிடம் இதனைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்ச் சொன்னார்:

“ஐயா, எங்களுக்கு ஒரு எண்ணிலே ஐயம் வந்தால் மறுநாள் அளக்க இயலாது. மறுபடி மயக்கவேண்டும். ஒவ்வொரு மயக்கமும் அதன் உயிரோடு விளையாடுவது. ஆகவே பல்லுக்கு மயக்கும்போது கண்ணையும் பார்க்கிறோம். இடமாற்றத்துக்கு மயக்கும்போது கண்ணையும் பார்க்கிறோம். அடுத்த தடவை வருடக்கணக்கிலும் ஆகலாம். நீங்கள் ஒரு நாற்காலியிலே இருந்தாற் போதுமே.”

குற்றஞ்சாட்டும் குரலிலே அவர் அதனைச் சொல்லவில்லை. எனினும் எனக்கு அது பிரம்படி போல இருந்தது. ஆசிரியனுக்கு மாணாக்கன் கொடுக்கும் அடி நியாயமானதாயின், அதனை வாங்கிக்கொள்வதே மரியாதை.

இரண்டு வாக்கியங்கள்

கல்வியாளர் நமக்கு ஒரு நோய் உண்டு. எதனையும் ஐயுறத் தெரிந்தவர் என்ற பெருமை அது. புள்ளி விபரம் என்றாற் சிரிப்போம். கருவி என்றால் அதன் குறையைச் சொல்லுவோம். ஐயுறுதல் நல்லதே. ஐயம் இல்லாதவன் கயிற்றுக்கு நடுங்குவான். ஆயின் ஐயம் என்பது நிற்குமிடம் அன்று. கிட்டச் சென்று பார்ப்பதற்கான கட்டளை. ‘அது கயிறாக இருக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டு இருளிலே காலை வைப்பவன் அறிஞன் ஆகான்.

மயங்கிய சிங்கத்தின் தலைமாட்டிலே நிற்கும் வைத்தியர்கள் இரண்டு வாக்கியங்களையும் ஒருங்கே கைக்கொள்ளுகிறார்கள். இந்த எண்ணை அப்படியே நம்ப இயலாது. ஆகவே மருந்தையும் நிலையையும் கருவியையும் எழுதுகிறார்கள். இந்த எண்ணைத் தள்ளிவிடவும் இயலாது. ஆகவே கண்ணைத் தொட்டுப் பார்க்கிறார்கள். முறையிடத் தெரியாத பிராணிக்காக இவ்வளவு செய்கிறார்கள். வாயுள்ள நாம் நமக்காகச் செய்யாதிருப்பது என்ன நியாயம்?

நாற்பது வயதைக் கடந்த ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்லுவேன். மூக்குக்கண்ணாடி மாற்றும்போது எழுத்துப் பலகையோடு நின்றுவிடாதீர்கள். அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்திலே எவருக்கேனும் இந்நோய் இருந்ததாயின் நாற்பது வரை காத்திருக்கவும் வேண்டாம். எண்ணிலே ஐயம் வந்தால் மறுபடியும் போங்கள்.

அந்தப் பெண்சிங்கம் பல்லுக்கு வைத்தியம் முடிந்து, மாற்று மருந்தினால் விழித்து, எழுந்து, தன் முற்றத்துக்குப் போயிற்றாம். தன் கண்ணை எவரோ அளந்தார் என்பது அதற்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்று இருந்தது. இப்போது வகுப்பிலே கேள்வி கேட்டபின், நான் விடை சொல்ல விரைவதில்லை. முகத்தை இடப்பக்கம் முழுவதும் திருப்பி, யன்னலோரம் வரை பார்க்கிறேன். அநேகமாக அங்கே ஒரு கை உயர்ந்திருக்கிறது.